அமெரிக்கப் பெருநகரங்களும் திருப்பத்தூர்ப் பயணியும்

(திருப்பத்தூர் இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



ஏலகிரி ஒருபுறமும் ஜவ்வாது மலை மறுபுறமும் நிற்க, நடுவே அமைந்த ஊர் திருப்பத்தூர். இவ்வூரின் பெயரைச் சொன்னவுடன் சந்தன மரத்தை நினைத்த காலம் ஒன்று உண்டு. ஒரு தலைமுறைக்கு முன்னர் இங்கிருந்து சென்னைக்குச் சென்று வருவதே பெரும்பயணம். இன்று நிலைமை வேறு. ஜோலார்பேட்டைச் சந்திப்பில் இரயிலேறிச் சென்னையையோ பெங்களூரையோ அடைந்து, அங்கிருந்து வானூர்தியில் புறப்பட்டு, மறுநாள் நியூயார்க்கிலோ சிகாகோவிலோ இறங்கும் குடும்பங்கள் இவ்வட்டாரத்தில் ஒன்றிரண்டல்ல. மகனோ மகளோ அங்கே பணியில் இருப்பர், பேரப்பிள்ளை பிறந்திருக்கும், பெற்றோர் ஆறு மாதம் வரை தங்கிவர இசைவு கிடைத்திருக்கும்.

அவ்வாறு சென்று திரும்பியோரிடம் 'என்ன கண்டீர்கள்?' என்று கேட்டால், கிடைக்கும் விடை பெரும்பாலும் ஒன்றே. சாலை அகலம், கட்டடம் உயரம், கடை பெரிது என்பார்கள். சற்று நேரம் கழித்துக் குரலைத் தாழ்த்தி வேறொன்றும் சொல்வார்கள். வாரத்தில் ஐந்து நாள் வீட்டுக்குள்ளேயே இருந்தோம். பிள்ளைக்கு விடுமுறை கிடைத்த சனிக்கிழமைகளில்தான் வெளியே போனோம். போன இடத்திலும் நிற்க நேரமில்லை, படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டோம் என்பார்கள். ஆறு மாதத்தில் அவர்கள் கண்ட அமெரிக்கா, காரின் கண்ணாடிக்கு வெளியே ஓடிய அமெரிக்காவே.

தொல்காப்பியர் நிலத்தைப் பார்க்க ஒரு முறை வகுத்தார். முதற்பொருளாகிய நிலமும் பொழுதும், கருப்பொருளாகிய மரமும் புள்ளும் தொழிலும், இவற்றுக்கெல்லாம் உயிராகிய உரிப்பொருள் என்பது அம்முறை. சுற்றுலா வழிகாட்டி நூல்கள் ஒரு நகரின் முதலையும் கருவையும் சொல்லும். உரிப்பொருளைப் பயணி தாமே தேடவேண்டும். தமிழ் படித்தவர் ஒருவர் அமெரிக்கப் பெருநகரங்களில் அதை எங்கே தேடலாம், முன்னர்ச் சென்ற தமிழர் எங்கே கண்டெடுத்தனர் என்பதே இவ்வுரையின் பொருள்.

தெருவின் இலக்கணம்

முதலில் சில நடைமுறைச் செய்திகள். வாகனம் ஓட்டத் தெரியாத பெற்றோருக்குப் புறநகர் வீடு ஒரு தீவு. ஆனால் நியூயார்க், வாஷிங்டன், சிகாகோ, சான்பிரான்சிஸ்கோ ஆகிய நகரங்களில் இரயிலும் பேருந்தும் உண்டு. பிள்ளை அலுவலகம் செல்லும்போது உடன் சென்று நகரின் நடுவே இறங்கிக்கொண்டு, மாலையில் உடன் திரும்பும் வழக்கத்தை வாரம் ஒருநாள் கைக்கொண்டாலே ஆறு மாதத்தில் நகரம் வசப்பட்டுவிடும்.

அச்சம் வேண்டியதில்லை, அந்நகரங்களின் தெருக்களுக்கு இலக்கணம் உண்டு. நியூயார்க்கின் மன்ஹாட்டன் தீவில் 1811ஆம் ஆண்டில் வகுத்த திட்டப்படி தெருக்களுக்கு எண்களே பெயர். எண் ஏறினால் வடக்கு, இறங்கினால் தெற்கு. இருபது தெரு கடந்தால் ஏறத்தாழ ஒரு மைல். ஐந்தாம் நிழற்சாலை கிழக்கையும் மேற்கையும் பிரிக்கும் கோடு. சிகாகோவில் ஸ்டேட் தெருவும் மேடிசன் தெருவும் வெட்டிக்கொள்ளும் இடம் சுழியம்; அங்கிருந்து கதவெண் எண்ணூறு ஏறினால் ஒரு மைல். வாஷிங்டனில் நாடாளுமன்றக் கட்டடத்தை நடுவாகக் கொண்டு ஊர் நான்கு கூறாகிறது. தெற்கு வடக்காகச் செல்லும் தெருக்களுக்கு எண், கிழக்கு மேற்காகச் செல்பவற்றுக்கு ஆங்கில எழுத்து. அவ்வெழுத்து வரிசையில் 'ஜே' என்னும் தெரு மட்டும் இல்லை. இவ்விதிகளை அறிந்துகொண்டவர் வழி தவறினாலும் தாமே திரும்பி வந்துவிடுவார்.

முழங்கால் வலி உடையோர் நினைவிற்கொள்ள வேண்டியது ஒன்று. நியூயார்க்கின் சுரங்க இரயில் நிலையங்கள் பலவற்றில் மின்தூக்கி இல்லை, படிகள் செங்குத்தானவை. அவர்களுக்குப் பேருந்தே நலம். கேட்டுக்கொண்டால் ஓட்டுநர் பேருந்தின் முன்படியைத் தரையளவு தாழ்த்தித் தருவார். மாத்திரைகளைக் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளல் வேண்டும். மருத்துவரின் சீட்டும், மருந்தின் வணிகப் பெயரோடு பொதுப்பெயரும் எழுதிய தாளும் உடனிருத்தல் வேண்டும். மருத்துவக் காப்புறுதி இன்றிப் புறப்படுதல் அறிவுடைமை ஆகாது. அந்நாட்டு மருத்துவமனைச் செலவு ஒரு குடும்பத்தின் சேமிப்பையே கரைத்துவிடும். பிள்ளையின் முகவரியும் தொலைபேசி எண்ணும் கைப்பேசியில் மட்டுமன்றித் தாளிலும் இருக்கட்டும். கைப்பேசியின் மின்கலம் தீரும் நேரம் யாருக்கும் தெரியாது.

இனி நடை. பெருநகரைக் காலால்தான் காணமுடியும். காலணி கடிக்காததாக இருக்கவேண்டும். ஆம்பூரும் வாணியம்பாடியும் தோலும் காலணியும் ஆக்கி உலகெங்கும் அனுப்புபவை. அயல்நாட்டுக் கடையில் அடுக்கியுள்ள காலணியைப் புரட்டி, எந்நாட்டில் செய்ததென்று பார்ப்பதும் இவ்வட்டாரத்தார்க்கு ஒரு காட்சியே. பருவத்தைப் பொறுத்தவரை, ஏப்ரல், மே மாதங்களும் செப்டம்பர், அக்டோபர் மாதங்களும் நடப்பதற்கு உகந்தவை. சிகாகோவின் தை மாதக் குளிர்காற்று மலைநாட்டாரையும் வெளியே வரவிடாது.

நியூயார்க்: கவிதை தாங்கிய துறைமுகம்

நியூயார்க் சென்றோர் யாவரும் சுதந்திரதேவி சிலையைக் காண விழைவர். கட்டணப் படகில் சென்று தீவில் இறங்குவது ஒரு முறை. இறங்க இயலாதவர்க்கு வேறொரு வழி உண்டு. மன்ஹாட்டனின் தென்முனையிலிருந்து ஸ்டேட்டன் தீவுக்குச் செல்லும் படகுக்கு 1997ஆம் ஆண்டு முதல் கட்டணம் இல்லை. இரவும் பகலும் ஓடும் அப்படகு ஏறத்தாழ 25 நிமிடத்தில் அக்கரை சேரும். செல்லும்போது வலப்பக்கம் நின்றால் சிலை நன்கு தெரியும்.

சிலையின் உயரத்தைப் பலரும் கேட்டுக் குறித்துக்கொள்வர். கவிஞர் குறித்துக்கொள்ள வேண்டியது அதன் பீடத்தை. சிலையைப் பிரெஞ்சு மக்கள் அளித்தனர். பீடம் எழுப்பப் பணம் போதவில்லை. நிதி திரட்டும் முயற்சிக்காக 1883இல் எம்மா லாசரஸ் என்னும் பெண் கவிஞர் பதினான்கு அடியில் ஒரு கவிதை எழுதித் தந்தார். 1886இல் சிலை திறக்கப்பெற்றது. மறு ஆண்டே கவிஞர் மறைந்தார். கவிதையும் ஏறத்தாழ மறக்கப்பட்டது. அவருடைய தோழி ஒருவர் அதைத் தேடியெடுத்து, முயன்று, 1903இல் வெண்கலப் பலகையில் பொறித்துச் சிலைக்குள் பதிக்கச் செய்தார். வெளிநாட்டிலிருந்து வந்திறங்கும் ஏதிலியரை வரவேற்கும் தாய் என்று அச்சிலையை இன்று உலகம் கருதுகிறதென்றால், அப்பொருளை அதற்குத் தந்தது அக்கவிதை. அருகிலுள்ள எல்லிஸ் தீவில் 1892 முதல் 1954 வரை ஒரு கோடியே இருபது இலட்சம் பேர் வந்திறங்கினர். கவிதையை எழுதியவர் அந்தப் பலகையைக் காணவில்லை. நண்பர் ஒருவர் இல்லையேல் அக்கவிதையும் நிலைத்திராது. இலக்கிய வட்டம் ஒன்று எதற்கு என்று கேட்போர்க்கு இதைவிட நல்ல விடை கிடைப்பது அரிது.

கிழக்காற்றின் அக்கரையில் புருக்ளின். 1883இல் திறந்த பாலத்தின் மேல் நடந்து செல்லலாம். நடைபாதை மேலே, வண்டிகள் கீழே. பாலத்தின் அடியில் உள்ள ஃபுல்டன் படகுத்துறையின் கம்பித் தடுப்பில் வால்ட் விட்மனின் கவிதை அடிகளை வெட்டிவைத்துள்ளனர். அத்துறையில் நாள்தோறும் படகேறிய அனுபவமே அக்கவிதை. தம் 'புல்லின் இதழ்கள்' நூலை விட்மன் 1855இல் தாமே செலவு செய்து அச்சிட்டது இதே புருக்ளினில்தான். பாரதியார் விட்மனைப் பற்றி எழுதினார். அந்நூலைப் படித்தது தம் புதுக்கவிதை முயற்சிக்குத் தூண்டுகோலாயிற்று என்று ந. பிச்சமூர்த்தி குறித்தார். ஆகவே தமிழ்க் கவிஞர் ஒருவர் அக்கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது அயலார் ஒருவரின் துறையில் நிற்கவில்லை. தம் மூதாதையருள் ஒருவரின் துறையில் நிற்கிறார்.

ஐந்தாம் நிழற்சாலையும் நாற்பத்திரண்டாம் தெருவும் கூடும் இடத்தில் 1911இல் திறந்த பொது நூலகம் உள்ளது. வாயிலில் இரு பளிங்குச் சிங்கங்கள். பொறுமை என்றும் மனத்திண்மை என்றும் அவற்றுக்குப் பெயர். உள்ளே நுழையக் கட்டணம் இல்லை. எதிரே செல்லும் நாற்பத்தோராம் தெருவின் நடைபாதையில் எழுத்தாளர் பலரின் வாசகங்களை வெண்கலத்தில் பதித்திருக்கின்றனர். குனிந்து படித்துக்கொண்டே நடக்கலாம். மையப் பூங்காவிலோ சேக்சுபியர், பர்ன்சு, இசுகாட்டு ஆகியோர் சிலைகள் நிற்கும் இலக்கிய நடைவழி ஒன்று உண்டு. களைத்துப் பசித்தவர், குயின்ஸ் பகுதியில் ஃபிளஷிங்கில் 1977இல் குடமுழுக்குக் கண்ட பிள்ளையார் கோயிலுக்குச் செல்லலாம். அங்குள்ள உணவகத்தில் தோசை கிடைக்கும்.

பிலடெல்பியா: கடல் கடந்த மண்டபம்

நியூயார்க்கிலிருந்து இரயிலில் ஒன்றரை மணிநேரத் தொலைவில் பிலடெல்பியா. 1776இல் விடுதலை அறிக்கை நிறைவேறிய மண்டபத்தையும் விரிசல் விட்ட மணியையும் காண்பதற்கே அனைவரும் அங்குச் செல்வர். தமிழர்க்கு அங்கே இன்னொரு மண்டபம் உண்டு.

அந்நகரின் கலை அருங்காட்சியகத்தின் மேல்தளத்தில் ஓர் அறைக்குள் நுழைந்தால், மதுரையில் நிற்பது போலத் தோன்றும். மதனகோபாலசுவாமி கோயிலைச் சேர்ந்த, நாயக்கர் காலத்துக் கருங்கல் தூண்கள் அங்கே வரிசையாக நிற்கின்றன. அடலின் பெப்பர் கிப்சன் என்னும் அமெரிக்கப் பெண்மணி 1912இல் மதுரைக்கு வந்தார். கோயிற்பகுதியில் குவியலாகக் கிடந்த அறுபதுக்கும் மேற்பட்ட சிற்பக் கற்களை விலைக்கு வாங்கினார், கற்கள் கப்பலேறின. முதல் உலகப்போரின்போது பிரான்சில் மருத்துவமனைத் தொண்டு செய்யச் சென்ற அவர் அங்கேயே நோயுற்று 1919இல் இறந்தார். அவர் நினைவாகக் குடும்பத்தார் அக்கற்களை அருங்காட்சியகத்திற்கு அளித்தனர். நார்மன் பிரவுன் என்னும் அறிஞர் மதுரைக்கே வந்து ஆராய்ந்து, எந்தத் தூண் எங்கே நிற்கவேண்டும் என்று கண்டு, 1940இல் அம்மண்டபத்தைப் பற்றி ஒரு நூலே எழுதினார்.

இதைக் காணும் தமிழர் உள்ளத்தில் இரண்டு உணர்வுகள் எழும். கோயிலின் கல் கோயிலில் அல்லவா இருக்கவேண்டும் என்பது ஒன்று. குவியலாகக் கிடந்தபோது அதைத் திரும்பிப் பார்த்தவர் யார் என்பது மற்றொன்று. இரண்டும் நேரிய கேள்விகளே. ஒன்றைக் கொண்டு மற்றொன்றை அடக்கிவிடுதல் கூடாது. அத்தூண்களின் நடுவே பத்து நிமிடம் பேசாது நிற்பது, நகரின் மற்றக் காட்சிகளை ஒருநாள் முழுதும் சுற்றிப் பார்ப்பதற்கு நிகர்.

வாஷிங்டன்: பெயர்ப்பலகையின் கடைசி வரி

கையில் காசில்லாப் பயணிக்கு வாஷிங்டனைவிட நல்ல நகரம் அந்நாட்டில் இல்லை. ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் அருங்காட்சியகங்கள் யாவும் அங்கே கட்டணமின்றித் திறந்திருக்கின்றன. நாடாளுமன்றத்திலிருந்து லிங்கன் நினைவகம் வரை ஏறத்தாழ இரண்டு மைல் நீளமுள்ள புல்வெளியின் இருமருங்கிலும் அவற்றுள் பல அமைந்துள்ளன. ஒரே நாளில் நான்கைக் காண்போர் ஒன்றையும் காணாதவர். ஒரு நாளுக்கு ஒன்று போதும்.

அவற்றுள் ஃபிரீர் கலைக்கூடத்தில் பத்தாம் நூற்றாண்டுச் சோழர் செப்புத் திருமேனி ஒன்று இருக்கிறது. செம்பியன் மாதேவியைப் பார்வதியின் உருவில் வடித்தது என்று அதனைக் கருதுகின்றனர். அதன் பதிவெண்ணில் 1929 என்னும் ஆண்டு இருக்கும். கூடம் அதைப் பெற்ற ஆண்டு அது. அமெரிக்க அருங்காட்சியகங்கள் பலவற்றில், பெயர்ப்பலகையின் கடைசி வரியிலுள்ள எண்ணின் முதற்பகுதி, பொருள் வந்து சேர்ந்த ஆண்டைக் காட்டும். அழகைக் கண்டு வியந்தபின் அவ்வரியையும் படிக்கும் பழக்கம் வேண்டும். எந்த ஆண்டு, யார் வழியாக வந்தது என்று கேட்கத் தெரிந்த பார்வையாளர்களே, களவுபோன திருமேனிகள் ஊர் திரும்பத் துணை நிற்பவர்கள்.

லிங்கன் நினைவகத்தின் படிகளில் ஒரு கல்லில் மார்ட்டின் லூதர் கிங் நின்ற இடத்தைப் பொறித்திருக்கின்றனர். 1963 ஆகஸ்டு 28ஆம் நாள் அவர் அங்கே நின்று பேசினார். 1959இல் காந்தியடிகளின் நாட்டைக் காண வந்தவர் அவர். அருகில், வியட்நாம் போரில் மாண்ட 58,000க்கும் மேற்பட்டோர் பெயர்களைத் தாங்கிய கருங்கல் சுவர் உள்ளது. 1982இல் எழுந்த அதை வடிவமைத்த மாயா லின், தம் வடிவம் தேர்வு பெற்றபோது இருபத்தொரு வயது மாணவி. நடுகல் மரபை அறிந்த தமிழர், அச்சுவரின் முன் பூ வைத்து நிற்போரைக் கண்டால் விளக்கம் கேட்கமாட்டார். இவ்வட்டாரத்து வயல்வெளிகளில் நிற்கும் நடுகற்களுக்கும் அதற்கும் உரிப்பொருள் ஒன்றே.

சிகாகோ: நிலவறையில் கிடைத்த குறுந்தொகை

சிகாகோ என்றால் 1893 செப்டம்பர் 11ஆம் நாளையும் விவேகானந்தரையும் நினைப்பர். அவரைக் கப்பலேற்றப் பொருள் திரட்டியோருள் சென்னை அன்பர்கள் முன்னின்றனர். அவர் உரையாற்றிய கட்டடமே இன்றைய கலைக்கூடம்; அதன் முன்னுள்ள சாலைப் பகுதிக்கு அவர் பெயரைச் சூட்டியிருக்கின்றனர். 110 மாடி உயர்ந்த சியர்ஸ் கோபுரத்தையும் காணலாம். 2009 முதல் அதன் பெயர் வில்லிஸ் கோபுரம். அதன் கட்டுமான நுட்பத்தை வகுத்த பஸ்லூர் ரகுமான் கான் டாக்காவில் பிறந்தவர்.

கவிஞர்கள் தவறவிடக் கூடாத இடம் வேறு. 1912இல் ஆரியட் மன்றோ அந்நகரில் தொடங்கிய 'பொயட்ரி' என்னும் கவிதை இதழ் இன்றும் வெளிவருகிறது. அவ்வாண்டு டிசம்பர் இதழில் தாகூரின் கவிதைகள் வெளியாயின. அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது அதன்பிறகு 1913இல்தான். அவ்விதழை நடத்தும் நிறுவனத்தின் கட்டடத்தில் கவிதைக்கென்றே ஒரு நூலகம் இருக்கிறது. யாரும் சென்று அமர்ந்து படிக்கலாம்.

நகரின் தென்பகுதியில் சிகாகோ பல்கலைக்கழகம். 1962இல் ஒரு சனிக்கிழமை அதன் ஆர்ப்பர் நூலகத்தின் நிலவறையில், பழந்தமிழ் இலக்கணம் கற்க ஒரு தொடக்க நூலைத் தேடிக்கொண்டிருந்தார் ஏ. கே. இராமானுசன். மைசூரில் பிறந்து, வீட்டில் தமிழும் வெளியே கன்னடமும் பேசி வளர்ந்தவர் அவர். தேடியது கிடைக்கவில்லை, உ. வே. சாமிநாதையர் 1937இல் பதிப்பித்த குறுந்தொகை கிடைத்தது. அந்த நூல் அவர் வாழ்வை மாற்றியது. 1967இல் அவர்தம் குறுந்தொகை மொழிபெயர்ப்பு வெளிவந்து, சங்கப் பாட்டை ஆங்கிலக் கவிதை உலகம் அறியச் செய்தது. பிறப்பால் வந்ததென்று எண்ணும் மரபையும் ஒருவர் தாமே முயன்று மீட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது என்று அவர் பின்னர் எழுதினார். ஏட்டைத் தேடி ஊர் ஊராக அலைந்து அந்நூலைப் பதிப்பித்தவர் ஐயர். அவர் அச்சிட்ட படி ஒன்று கடல் கடந்து, பட்டியலிடாத அடுக்கில் தூங்கி, உரியவர் கைக்கு வந்து சேர்ந்தது. அன்று அவர் கண்டது நகரின் கோபுரத்தையல்ல, நிலவறையை.

அதே பல்கலைக்கழகத்தில் 1937 முதல் 1995இல் மறையும்வரை பணிபுரிந்தவர் சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சுப்பிரமணியன் சந்திரசேகர். 1983இல் நோபல் பரிசு பெற்றவர். யெர்க்சு வானாய்வகத்திலிருந்து நெடுந்தொலைவு கார் ஓட்டி வந்து மிகச் சில மாணவர்களுக்கு அவர் வகுப்பு நடத்தியதையும், அவர்களுள் லீ, யாங் இருவரும் 1957இலேயே நோபல் பரிசு பெற்றதையும் இன்றும் அங்கே சொல்வார்கள்.

சான்பிரான்சிஸ்கோ: தொலைந்துபோன படம்

மேற்குக் கடற்கரையின் சான்பிரான்சிஸ்கோ மேடும் பள்ளமுமான ஊர். கோடையிலும் மூடுபனியும் குளிர்காற்றும் உண்டு. கம்பளிச் சட்டை இன்றி அங்குச் செல்லலாகாது. 1937இல் திறந்த பொன்வாயில் பாலத்தில் நடந்து செல்லக் கட்டணம் இல்லை. 1953இல் தொடங்கிய 'சிட்டி லைட்ஸ்' புத்தகக் கடையின் மாடியில் கவிதைக்கெனத் தனியறை உண்டு. அக்கடை 1956இல் வெளியிட்ட ஆலன் கின்ஸ்பெர்க்கின் நூலுக்காக அடுத்த ஆண்டு வழக்கு நடந்தது. நூலில் குற்றமில்லை என்று தீர்ப்பாயிற்று. 1913இல் இந்திய விடுதலைக்காகக் கதர் இயக்கம் நடைபெற்றதும் இந்நகரிலேயே. அதன் நினைவில்லம் இன்றும் உள்ளது.

ஆயினும் தமிழர் மனத்தில் இவ்வூர் நிலைபெற வேண்டியது ஏ. கே. செட்டியாரால். கோட்டையூரில் பிறந்து, நியூயார்க்கில் புகைப்படக்கலை பயின்று, உலகம் சுற்றிய தமிழர் எனப் பெயர்பெற்றவர் அவர். 1937 அக்டோபர் 2ஆம் நாள், காந்தியடிகளின் பிறந்தநாளில், நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குச் சென்ற கப்பலில் அவருக்கு ஓர் எண்ணம் உதித்தது: காந்தியடிகளைப் பற்றி ஆவணப்படம் எடுத்தால் என்ன? அதன்பின் நாடு நாடாக அலைந்து, பல படப்பிடிப்பாளர் பல ஆண்டுகளாக எடுத்த ஏறத்தாழ 50,000 அடிப் படச்சுருளைத் திரட்டினார். அதிலிருந்து 12,000 அடிப் படம் உருவாகி 1940இல் சென்னையில் வெளியாயிற்று. ஆங்கில வடிவம் 1953இல் அமெரிக்காவில் திரையிடப்பட்டது. பின்னர்ப் படம் மறைந்தது. எடுத்தவர் நாட்டில் ஒரு படியும் கிட்டவில்லை. செட்டியார் 1983இல் மறைந்தார். பல்லாண்டுகளுக்குப் பிறகு, ஆய்வாளர் ஆ. இரா. வேங்கடாசலபதியின் தேடலால், ஆங்கில வடிவத்தின் சுருக்கப் படி ஒன்று சான்பிரான்சிஸ்கோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் இருப்பது தெரியவந்தது. ஒரு தமிழர் உலகெங்கும் அலைந்து சேர்த்தது, அயல்நாட்டு நூலகம் ஒன்றின் அடுக்கில் எஞ்சியது.

மதுரைத் தூண், ஐயரின் குறுந்தொகை, செட்டியாரின் படம் ஆகிய மூன்றையும் சேர்த்து எண்ணிப் பார்த்தால், அந்நகரங்களிடம் கற்கவேண்டியது உயரத்தையும் அகலத்தையும் அன்று என்பது விளங்கும். ஒரு பொருளை வாங்கினால் எண் இட்டு, இடம் ஒதுக்கி, கேட்போர்க்கு எடுத்துத் தரும் பழக்கமே அது. அதற்குப் பெருநகரம் வேண்டியதில்லை. ஓர் அலமாரியும் பொறுப்புள்ள ஒருவரும் போதும்.

லாஸ் ஏஞ்சல்சும் காவலூரும்

கடைசியாக லாஸ் ஏஞ்சல்ஸ். திரைப்பட நகரைக் கண்டபின், மாலையில் குன்றின் மேலுள்ள கிரிஃபித் வானாய்வகத்திற்குச் செல்லவேண்டும். 1935இல் திறந்த அதற்கு நுழைவுக் கட்டணம் இல்லை. வானம் தெளிந்த இரவுகளில் தொலைநோக்கி வழியாகப் பொதுமக்களுக்கு நிலவையும் கோள்களையும் காட்டுவர். கீழே கண்ணுக்கெட்டிய தூரம் நகரின் விளக்குகள். மேலே விண்மீன்கள் சில மட்டுமே. அப்பால் தெரியும் மலைத்தொடரில் வில்சன் மலை. 1917இல் அங்கு நிறுவிய நூறு அங்குலத் தொலைநோக்கியால்தான், நம் விண்மீன் கூட்டத்துக்கு அப்பாலும் கூட்டங்கள் உண்டென்று அப்பிள் நிறுவினார். நகர் வளர, விளக்கொளி வானை வெளுக்கச் செய்தது. 1985இல் அத்தொலைநோக்கியின் பணியை நிறுத்தினர். பின்னரே அது மீண்டும் இயங்கியது.

இதைக் கேட்ட திருப்பத்தூரார்க்குக் காவலூர் நினைவுக்கு வரும். ஆர்வர்டில் பயின்று, 1949இல் மாணவராக இருந்தபோதே ஒரு வால்மீனுக்குத் தம் பெயரைத் தந்து, பாலமார் மலையில் ஆய்வு செய்து திரும்பிய வைணு பாப்பு, இந்தியாவில் இருள் மிக்க வானைத் தேடினார். அவர் தேடிக் கண்டது, ஆலங்காயத்தை அடுத்து ஜவ்வாது மலையில் உள்ள காவலூர். 1968 முதல் அங்கே வானாய்வு நடக்கிறது. 1977 மார்ச் 10ஆம் நாள் யுரேனசின் வளையங்கள் வெளிப்பட்டபோது உற்றுநோக்கிய இடங்களுள் காவலூரும் ஒன்று. பாப்பு 1982இல் மறைந்தார். இந்தியாவிலேயே உருவாக்கிய 2.34 மீட்டர்த் தொலைநோக்கி 1986இல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டபோது அவர் இல்லை. அவர் பெயரே அதற்குச் சூட்டப்பெற்றது.

பெருநகரங்கள் விலை கொடுத்தும் மீட்கமுடியாத ஒரு செல்வம் இம்மலைமேல் இருக்கிறது; அதுவே இருள். லாஸ் ஏஞ்சல்சின் குன்றில் ஏறி நான்கு விண்மீன்களைக் கண்டு திரும்புவோர், தம் ஊர் மலைக்கு ஓர் இரவேனும் சென்று அண்ணாந்து பார்த்ததுண்டா என்று தம்மையே கேட்டுக்கொள்ளலாம். அவ்விருளுக்கும் காவல் வேண்டும். மலையடிவாரத்தில் ஏற்றும் ஒவ்வொரு விளக்கும் தரையை நோக்கி இருந்தால் தெருவுக்கும் நல்லது, வானுக்கும் நல்லது.

வட்டத்தின் முன் ஒரு வேண்டுகோள்

மு. வரதராசனார் 1935 முதல் 1939 வரை இவ்வூர் நகராட்சி உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியராக இருந்தார். 1972இல் அமெரிக்காவின் ஓகையோ மாநிலத்து ஊஸ்டர் கல்லூரி அவருக்கு இலக்கியப் பேரறிஞர் பட்டம் வழங்கியது. ஊஸ்டர் கல்லூரி அறிந்து போற்றிய அப்பெரியார் இவ்வூரின் எந்தத் தெருவில் நடந்தார், எந்த மாணவர்க்கு என்ன கற்பித்தார் என்று எழுதிவைத்த தாள்கள் இவ்வூரில் எத்தனை உள? அவரிடம் பயின்ற தலைமுறை கதை சொல்லாமலே கடந்துகொண்டிருக்கிறது.

ஆகவே வட்டத்தின் பதினோராம் ஆண்டுக்கு ஒரு வேலை காத்திருக்கிறது. அமெரிக்காவுக்கோ வேறு நாட்டுக்கோ சென்று திரும்பும் உறுப்பினர் ஒவ்வொருவரும் பத்துப் பக்கம் எழுதித் தருதல் வேண்டும். கட்டடத்தின் உயரத்தை விட்டுவிடலாம். அது எல்லா நூலிலும் உண்டு. முதன்முதலாகத் தனியே இரயிலேறிய நாள், வழி கேட்டபோது நின்று சொன்ன மனிதர், பேரப்பிள்ளை தமிழில் கேட்ட முதற்கேள்வி, மதுரைத் தூணின் முன் எழுந்த நினைவு ஆகியவை எந்த வழிகாட்டி நூலிலும் இரா. அவற்றைத் தேதியிட்டு, எண்ணிட்டு, ஓர் அலமாரியில் சேர்த்துவைத்தால் அதுவே இவ்வட்டத்தின் நூலகம் ஆகும். பயணம் செய்யாதவர் மு.வ. வாழ்ந்த நாள்களைப் பற்றி முதியோரிடம் கேட்டு எழுதலாம், அதுவும் பயணமே.

எம்மா லாசரசின் கவிதையைத் தோழி ஒருவர் தேடியெடுத்தது போல, இங்கே எழுதப்படும் ஒரு பக்கத்தை ஐம்பது ஆண்டு கழித்து ஒருவர் தேடி வருவார். அவர் இதற்காகச் சிகாகோவின் நிலவறைக்குச் செல்ல நேராதிருக்கட்டும். திருப்பத்தூரிலேயே அது அவர் கைக்குக் கிடைக்கட்டும்.